கெட்டிக்காரப் பிள்ளையை ஏன் ஊர் கடத்த வேண்டும்?

ஏப்ரல் பிறந்தால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஃபிளெக்ஸ் போர்டுகள் முளைத்துவிடும். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாகப் பிள்ளைகளின் படம்; பக்கத்தில் மார்க்; கீழே எங்கோ இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியின் போன் நம்பர். அதைப் பார்த்த கையோடு சொந்தக்காரர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள். "மதினி, பிள்ள இம்புட்டுக் கெட்டிக்காரியா இருக்கா. இவள இந்தக் கரிசக்காட்டுல வச்சி என்ன செய்யப் போறீக? காலாகாலத்துல வெளியூர்ல கொண்டுபோய்ச் சேத்துருங்க." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அக்கறை எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டால் பத்து, பதினொரு வயதிலேயே அதை ஊரை விட்டுக் கிளப்பிவிட வேண்டும்; கிளப்பாத தாய் தகப்பன் ஒன்று கஞ்சர்கள், இல்லையென்றால் விவரம் கெட்டவர்கள். நான் கிளப்பாதவள். என் மகள் ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளியில் படிக்கிறாள். கிளப்பாததற்குக் காரணம் கஞ்சத்தனமும் இல்லை, விவரக்கேடும் இல்லை.

முதலில் கெட்டிக்காரத்தனம் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம். என் மகள் மார்க் வாங்குவாள், அது உண்மை. ஆனால் இவள் மற்ற பிள்ளைகளைப் போல இல்லை என்று எனக்குத் தெரியவந்தது மார்க் ஷீட்டில் இல்லை. கோடையில் அவள் தாத்தா காட்டுக்குப் போனாள். பருத்தி எடுத்து முடிந்து கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஒரு காய்ந்த பருத்திமாரை ஒடித்து வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தாள், அடி தட்டவில்லை. நூலில் கல்லைக் கட்டி இறக்கினாள். எத்தனை ஜாண் போகிறது என்று ரஃப் நோட்டில் எழுதினாள். பக்கத்துச் செவல் காட்டில் ஏன் இப்படி வெடிக்கவில்லை என்று தாத்தாவைக் கேட்டாள். "கரிச தானே உழுதுக்கிரும் தாயி" என்றார் அவர். அது அவளுக்குப் போதவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளரில் இரண்டு மண்ணையும் பாதிப் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தாள். மறுநாள் காலையில் செவல் இருந்த மட்டத்திலேயே இருந்தது; கரிசல் ஊதி மேலே வந்திருந்தது. அவளுடைய பள்ளி அறிவியல் டீச்சர் அந்த டம்ளரைப் பார்த்துவிட்டுத்தான் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்: தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். இதற்கு மார்க் கிடையாது. ஏழாம் வகுப்புக் கேள்வித்தாளில் இது வராது. கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்வது இதைத்தான்: தானாக ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே அதன் பின்னால் போவது.

இப்போது அந்த விடுதிகளுக்கு வருவோம். சொந்தக்காரர்கள் வாயை அடைக்கவாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோமே என்று போயிருந்தேன். வரவேற்பறைச் சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுப்புகிறார்கள், இரவு பத்தரைக்குத்தான் விளக்கு அணைகிறது. நடுவில் 'டெஸ்ட்' என்ற சொல் எத்தனையோ முறை வருகிறது. நூலகம் எங்கே என்று கேட்டேன். வார்டன் ஒரு பீரோவைக் காட்டினார். பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை. மைதானம் இருந்தது, அதில் பஸ்கள் நின்றன. இந்த இடத்தில் என் மகள் வெடிப்பின் ஆழத்தை எந்த மணிக்கு அளப்பாள்? கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகவே நடத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில், கெட்டிக்காரத்தனம் வேலை செய்ய ஒரு மணி நேரம் கூட ஒதுக்கப்படவில்லை. சராசரிப் பிள்ளை ஒருவேளை அங்கே பத்து மார்க் கூட எடுக்கலாம். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு அது வாயில் துணி அடைக்கிற இடம்.

இந்த விடுதி முறை எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2007 தொடங்கிப் பத்து வருஷம் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோலாக இருந்தது. அந்தக் காலத்தில்தான் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் எங்கள் ஊர் வரை வந்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்கவே 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. நீட் நுழைவுத் தேர்வு வந்ததும் அளவுகோல் மாறியது. விடுதிகள் போர்டை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டிக் குதிப்பதைத் திறமை வளர்ப்பு என்று நம்பின நாம்தான், இன்று அதே ஆட்களிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கொடுக்கிறோம்.

"பாரதி எட்டயபுரத்திலேயே இருந்திருந்தா பாரதி ஆயிருப்பானா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் கேட்டவர்கள் கதையை முழுசாகப் படிக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும் எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பிள்ளை அவர். ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் படித்தவர், கணக்கிலும் மேல்நாட்டு இயந்திரங்களிலும் மோகம் உள்ளவர், எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்தவர். பிள்ளைக்குத் தமிழ்க் கவிதையில் கிறுக்கு. பதினொரு வயதில் அரசவைப் புலவர்கள் 'பாரதி' என்று பட்டம் கொடுத்தார்கள். தகப்பனுக்கோ பிள்ளை கணக்கும் இங்கிலீஷும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் படிப்பால் தந்தைக்குப் பணம் போனதுதான் மிச்சம், தனக்குக் கேடுதான் சேர்ந்தது என்று பின்னாளில் தன் வாழ்க்கையைச் சொல்லும் 'கனவு' பாட்டில் பாரதி மனம் கசந்து எழுதினார்.

சின்னசாமி ஐயர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. தாயில்லாப் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஆலையும் நொடித்துப்போய், இவனாவது கரையேறட்டும் என்று நினைத்த ஒரு தகப்பன் அவர். 1898-ல் இறந்தும் போனார். ஆனால் அவர் செய்தது நாம் இன்று செய்வதேதான்: பிள்ளையிடம் எது கொழுந்துவிட்டிருக்கிறதோ அதை விட்டுவிட்டு, காலத்துக்கு எது செல்லுபடியோ அதற்கு அனுப்பி வைத்தார். பாரதியை உருவாக்கியது திருநெல்வேலிப் பள்ளி இல்லை. காசிக்குப் போனார், சரிதான், எப்படிப் போனார்? அத்தை குப்பம்மாள் வீட்டுக்குப் போனார். உறவுக்காரர் வீட்டுச் சோற்றைத் தின்று, கங்கைக் கரையில் சுற்றி, இந்தியும் சமஸ்கிருதமும் கற்று, நுழைவுத் தேர்வும் எழுதினார். வயதும் அப்போது பதினாறு. பதினாறு வயதுப் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தேடி ஊரை விட்டுப் போவதை நான் மறுக்கவில்லை. பெட்டியைக் கட்டி நானே பஸ் ஏற்றிவிடுவேன். பதினொரு வயதில் பார்சல் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

இதற்கு நேரெதிர் ஆட்களும் உண்டு. அவர்களிடமும் எனக்குச் சண்டைதான். "இடைசெவல்ல பிறந்த எழுத்தாளர் கி.ரா. என்ன படிச்சார்? கு. அழகிரிசாமி என்ன பெரிய காலேஜா போனார்? ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி குடுக்கலையா? திறமை இருந்தாத் தானா வரும், விளையும் பயிர் முளையிலே தெரியும், சும்மா விடுங்க" என்பார்கள். பூமணி, சோ. தர்மன் என்று பட்டியலையும் நீட்டுவார்கள். பெருமைதான். ஒரு வறண்ட வட்டாரத்துக்கு இத்தனை அகாதமி விருதுகள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மானாவாரி விவசாயியிடம் போய் அந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். புரட்டாசியில் முளைப்பு எப்படி இருந்தாலும், ஐப்பசி மழை பொய்த்தால் கதிர் வீட்டுக்கு வராது என்பார். கி.ரா.வும் அழகிரிசாமியும் சும்மா விடப்பட்டவர்கள் இல்லை. ஒரே ஊரில் ஒரே வயதில் இரண்டு வாசகர்கள். ஒருவர் படித்ததை மற்றவரிடம் சொல்ல ஆள் இருந்தது. விளாத்திகுளம் சாமிகளின் பாட்டு காதில் விழுகிற தூரத்தில் இருந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் கோவில்பட்டியிலேயே இருந்தது. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் குறைவு, சகவாசம் நிறைய. பிள்ளையைச் சும்மா விடு என்பவர்கள் அந்தச் சகவாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளியூர் அனுப்பு என்பவர்கள் அதை அறுத்தே விடுகிறார்கள். கி.ரா. எழுத வந்ததே முப்பது வயதைத் தாண்டித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு மாதிரி பத்து வயதில் அவரைச் சலித்து எடுத்திருந்தால் எந்தச் சல்லடையில் நின்றிருப்பார்?

சலித்தெடுப்பது பற்றி ஒரு வெளிநாட்டுச் சங்கதி. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து ஆயிரத்து ஐந்நூறு அதிமேதைப் பிள்ளைகளுக்கு மேல் பொறுக்கியெடுத்தார். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார். நன்றாகவே வாழ்ந்தார்கள், பலர் பெரிய வேலைகளுக்குப் போனார்கள். ஆனால் அந்தத் தேர்வில் மதிப்பெண் பற்றாமல் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கும் நோபல் வரவில்லை. ஒரு உலகப் புகழ் பெற்ற அறிஞரின் சல்லடையே இந்த லட்சணம். நம் ஊர் ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வைக்கும் 'டேலண்ட் டெஸ்ட்' என் பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்லிவிடுமாம்.

செஸ் வீரர் குகேஷ் பெயரையும் இழுப்பார்கள். "நாலாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குப் போறத நிறுத்திட்டாங்க, அந்தத் தியாகம் செஞ்சதாலதான் 2024-ல் உலக சாம்பியன் ஆனான்." ஆனால் அங்கே தியாகம் செய்தது யார்? காது மூக்கு தொண்டை மருத்துவரான தகப்பன் தன் தொழிலை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போனார். இன்னொரு செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி போட்டி நடக்கும் நாடுகளுக்கெல்லாம் குக்கர் எடுத்துப்போய்ப் பிள்ளைக்குச் சோறாக்கிப் போட்டது உலகத்துக்கே தெரியும். அந்தப் பெற்றோர் பிள்ளையை எங்கேயும் அனுப்பவில்லை, கூடப் போனார்கள். அதுவும் பிள்ளை எந்த விளையாட்டில் கிறுக்காக இருந்ததோ அதற்காகப் போனார்கள். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். பிள்ளையோடு சிங்கப்பூர் போக என்னால் ஆகாது. ஆனால் கூட இருக்க முடியும். இரவு எட்டு மணிக்கு அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு "தெரியலையே, நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லவாவது வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

விடுதி என்றாலே நான் எதிர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரிலேயே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கி ஆடிய கார்த்தியும், கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். அந்த விடுதிக்குப் பிள்ளை வருவது கையில் மட்டையோடு. மட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறு எதையும் திணிப்பதில்லை. செயற்கைப் புல் மைதானமும் பயிற்சியாளரும் அரியலூர் வீட்டில் கிடைக்காது, அதனால் வந்தார். பிள்ளையின் விருப்பத்துக்கு வேண்டியது வீட்டில் இல்லை, அங்கே இருக்கிறது என்றால் அனுப்புவதில் அர்த்தம் உண்டு. நான் பார்த்த விடுதியில் இருந்தது என்ன? அதே பாடப்புத்தகம், கூடுதல் டெஸ்ட்.

'கரிசக்காட்டில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பருத்தி, சோள ரகங்கள் அங்கிருந்து வெளிவந்திருக்கின்றன. மண்ணைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வாசல் சென்னையில் கூடக் கிடையாது. கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்த வெட்டுவான் கோயில் பாதியில் நின்றுபோய்க் கிடக்கிறது. எந்த வரிசையில் வெட்டிக்கொண்டு வந்தான் என்பதை முடியாத அந்தக் கோயில்தான் அப்படியே காட்டும். நூலகம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ்கள் இருக்கின்றன. குச்சி ஏன் பெட்டி மருந்தில் உரசினால் மட்டும் பற்றுகிறது என்பது ஒரு வருஷ வேதியியல் பாடம். என்ன இல்லை என்றும் சொல்கிறேன்: சில கிராமப் பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் பற்றவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் போட்டால் அதை அந்தப் பாடவேளைக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைக்கலாமே என்று கேட்டால், வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். இதற்காகத் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சண்டை போட வேண்டியது பெற்றோர்தான். ஊரில் விவரமானவர்கள் எல்லாரும் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சண்டையைப் போட யார் மிச்சம்?

மார்க் வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்குக் கிடையாது. நிலம் இல்லாத வீட்டுக்கு மார்க்தான் ஏணி, அது எனக்கும் தெரியும். ஆனால் பணக் கணக்குப் போட்டாலும் இந்த ஊர் கடத்தல் கட்டுபடி ஆகவில்லை. மே மாதம் எங்கள் ஆபீசில் கட்டை அடுக்கும் பெண்கள் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்காக வரிசையாக வந்து முன்பணம் கேட்பார்கள். கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஆறாம் வகுப்புக்கே அவ்வளவு. அதே பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ இருந்தால் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ₹1000. கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு, 1500 பேருக்கு மாதம் ₹1500. பெரிய தொகைகள் இல்லைதான். ஆனால் இவை பிள்ளை கைக்கு வருகிற பணம். விடுதிக்குக் கட்டுவது நம் கையை விட்டுப் போகிற பணம்.

எல்லாவற்றையும் விட, டாக்டர் ஆக்கத்தானே அனுப்புகிறோம் என்பவர்களுக்கு ஒன்று. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. ஃபிளெக்ஸ் போர்டில் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். முன்பணத்தோடு மே மாதம் பஸ் ஏறப் போகிற தாய்மார்கள், தகப்பன்மார்கள் ஒருமுறை விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் கட்டணம் கட்டித் தனியார் விடுதியில் சேர்த்த பிள்ளைக்கு அந்த இடம் பிறகு கிடைக்காது.